ஆட்கள்: இரண்டு

மூன்று தூசி மிஷின் மாடல்களில் எது வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லும், எது சொல்லாது என்பதை மட்டும் அந்த நோட்டீசில் போடவில்லை. மற்றதெல்லாம் இருந்தது. உறிஞ்சும் வேகம், சத்தம், ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும், பாயில் மாட்டிக்கொள்ளுமா, கட்டிலுக்கு அடியில் நுழையுமா, தூசிப்பெட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை கொட்ட வேண்டும். சாதனா நோட்டீசைச் சமையல் மேடையில் விரித்து வைத்துக்கொண்டு, கெமிஸ்ட்ரி நோட்டிலிருந்து கிழித்த தாளில் கட்டம் போட்டாள். சிட்டு, பவளம், ஆழி. கடைசி வரிசையில் பென்சிலால் எழுதினாள்: "எத்தனை பேர்னு சொல்லுமா?" எழுதியதும் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ரப்பரை எடுத்து அந்த வரியை மட்டும் அழித்தாள். அழித்த பிறகும் பென்சில் அழுத்தின தடம் தெரிந்தது. தாளையே நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கேளம்பாக்கம் ஏழாம் கோபுரத்தில் எந்த ஜன்னலும் திறக்காது. வெளியே அடிக்கிற வெயிலுக்குத் திறந்தால் யாரும் தாங்க முடியாது என்று கட்டும்போதே அடைத்துவிட்டார்கள். நாற்பது மாடிக்கும் ஒரே காற்று, குழாய் வழியாக. ஒரு வீட்டில் பெருக்கினால் அடுத்த வீட்டில் தும்மல். அதனால்தான் அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியது: இந்த மாதம் முடிவதற்குள் எல்லா வீட்டிலும் தூசி மிஷின் இருக்க வேண்டும், துடைப்பங்களைத் தரைத்தளத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். துப்பாக்கியை ஒப்படைப்பதுபோல் ஆட்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. சாதனாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்பா போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

நடுக்கடலில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிற வேலை. இரண்டு மாதம். "யார்கிட்டயும் சொல்லாத சாது. பதினஞ்சு நாளுக்கு மேல பெரியவங்க வீட்ல இல்லன்னா உன்னைக் காப்பகத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க. வீட்டையும் எடுத்துக்குவாங்க. யாராவது கேட்டா அப்பா நைட் ஷிஃப்ட், தூங்குறாருன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார் குணசீலன். ஷூவைப் போட்டுக்கொண்டு போனதால் அவருடைய ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. முதல் இரண்டு ஞாயிறும் குரல்செய்தி வந்தது. பின்னால் காற்று ஹோவென்று இரைய, "சாப்டியா, சாப்டியா" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. அம்மா, சாதனாவுக்கு முகம் பதிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா திரும்பி வரும்போது 3106 என்ற கதவுக்குப் பின்னால் தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

தரைத்தளத்தில் மூன்று மிஷின்களையும் ஓடவிட்டு விளக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஃபர்ஹானா என்று பேர். சட்டையில் குத்தியிருந்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"மூணுல எது நல்லதுக்கா?" என்று கேட்டாள் சாதனா.

"யாருக்கு நல்லது? எனக்கா, உனக்கா? எனக்குன்னா பவளம். கமிஷன் ஜாஸ்தி." ஃபர்ஹானா தானே சிரித்துக்கொண்டாள். "சொல்லு, வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்." கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. "நானும் அப்பாவும்."

"அப்ப சின்ன வீடு. சிட்டு போதும். லேசு, குடுகுடுன்னு ஓடிடும். மேலாப்புல கிடக்குறதை மட்டும் எடுக்கும். தினம் அசோசியேஷனுக்கு ரிப்போர்ட் அனுப்பும். பவளத்துல கேமரா இருக்கு, தரையில ஊக்கு கிடந்தாக்கூட படம் எடுத்துக் காட்டும். ஆழி கொஞ்சம் மெதுவு. கட்டிலுக்கு அடியில, பீரோவுக்கு அடியில, டைல்ஸ் இடுக்குல எல்லாம் பூந்து இழுக்கும். ரிப்போர்ட் வாரத்துக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமை."

"ரிப்போர்ட்ல என்னக்கா போடும்? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"தூசி எவ்ளோ, எத்தனை ஆளுன்னு போடும்."

"ஆளையா? மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

ஃபர்ஹானா சிட்டுவின் வயிற்றைத் திறந்து, சாம்பல் நிறத்தில் திரண்டிருந்த பஞ்சு மாதிரியான ஒன்றைக் கிள்ளி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "இது என்னன்னு நெனச்ச? மண்ணா? ஜன்னலே திறக்காத வீட்ல மண்ணு எங்கேர்ந்து வரும்? எல்லாம் நாமதான். தோலு, முடி. உக்காந்தா, எழுந்தா, தலையைச் சொறிஞ்சா, உதிர்ந்துக்கிட்டே இருக்கோம். ஒருத்தர் தோல் மாதிரி இன்னொருத்தர் தோல் இருக்காது. அதை வச்சு எண்ணிடும்."

"யாருன்னு கண்டுபிடிச்சுடுமா?"

"ச்சே ச்சே. யாருன்னு அதுக்குத் தெரியாது. எத்தனைன்னு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு இவ்ளோ காத்துன்னு அளந்துதானே விடுறாங்க. நாலு பேர்னு எழுதிட்டு எட்டு பேரு இருந்தா மத்தவங்க மூச்சை வாங்கிக்கிற மாதிரி ஆயிடும்ல?"

"கம்மியா இருந்தா?"

ஃபர்ஹானா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒரே ஆள்னு மூணு வாரம் வந்துச்சுன்னா நேர்ல வந்து பார்ப்பாங்க. ஒத்தை ஆளுக்குக் குடும்ப வீடு கிடையாதே. அடுக்குப் படுக்கைக்கு அனுப்பிடுவாங்க. கடல் உள்ள வந்ததுக்கப்புறம் வீடில்லாம எத்தனை சனம் கியூவுல நிக்குது. அதுவும் நியாயம்தானே?" பிறகு மிஷினை மூடிக்கொண்டே, "இந்த டவர்ல என்னமோ எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. காலையிலேர்ந்து நீ ஆறாவது ஆளு" என்றாள்.

சாதனா அந்தப் பஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஆழி... பழைய தூசியையும் எடுத்துருமா?"

"எடுக்குமாவா? ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்துட்டுப் போன மாமியாரைக்கூட இழுத்து வெளிய போட்டுடும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு பெனடிக்ட் அங்கிளும் அதில் இருந்தார். 3107. எப்போது பார்த்தாலும் யாரையோ கடிக்கப்போவதுபோல் முகம்.

"சத்தம் எப்படி?" என்று அதட்டினார்.

"ஐம்பது டெசிபல் சார்."

"என் பொண்டாட்டியைவிட கம்மிதான், ஒண்ணு குடு." மறுபடியும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு முடி கொட்டுது. முடியெல்லாம் ஒழுங்கா எடுக்குமா? எண்ணுமா?"

"ஒரு முடி விடாது சார்."

அவரும் ஆழிதான் வாங்கினார்.

முதல் வெள்ளிக்கிழமை, மிஷினின் முதுகில் பச்சை எழுத்து ஓடியது. ஆட்கள்: 2. பங்கு: 58, 42. சாதனா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தாள். நாற்பத்திரண்டு அப்பா. கூடத்திலும் சமையலறையிலும் அவர் எத்தனை நடை நடந்திருப்பார், அத்தனையும் டைல்ஸ் இடுக்கில் இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் அன்று அப்பாவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டாள். பிறகு அந்தத் தட்டைக் கழுவி வைக்க மனசே இல்லாமல் ராத்திரிவரை அப்படியே விட்டிருந்தாள்.

அடுத்த வெள்ளி 71, 29. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிஷின் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கொஞ்சம் அப்பாவை எடுத்துக்கொண்டு போகிறது. அவள் உதிர்கிறாள், சேர்கிறாள். அவர் சேர்வதில்லை.

அன்றிலிருந்து சிக்கனம். கூடத்தை மட்டும் ஒரு வாரம், பீரோவுக்கு அடியில் ஒரு வாரம் என்று மிஷினுக்கு எல்லை போட்டாள். அப்பாவின் அறைக் கதவைச் சாத்திவைத்தாள். அந்தக் கட்டில், அந்தத் தலையணை, அதெல்லாம் கடைசியில்தான். வீடு அவளுக்கு ஒரு அரிசி டின் மாதிரி ஆகிவிட்டது. தினமும் மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள்.

பேச ஆளில்லை. ஸ்கூல் முழுக்கத் திரையில்தான் நடந்தது. பக்கத்து வீட்டுச் சண்டைதான் துணை. சுவர் அட்டை மாதிரி. பெனடிக்ட் அங்கிள் காலையில் ஆரம்பித்தால், "காபியில சக்கரையா இது? நீ போட்டியா, இல்ல சக்கரை தானா வந்து விழுந்துச்சா?" என்று போகும். "ஆமா, உங்க அக்கா பெரிய மகாராணி!" என்று சாயந்திரம். அவர் மனைவி லூர்து ஆன்ட்டி பதில் சொல்வது மட்டும் இந்தப் பக்கம் கேட்காது. மெதுவாகப் பேசுகிறவள் போலிருக்கிறது. இப்படி ஒருத்தரோடு சண்டை போட ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று சாதனா சுவரில் காதை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் தயிர் புளித்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. அடுத்த பாலுக்கு உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் இல்லை. தயிர்சாதம்தான் அவளுக்கு இரண்டு வேளையும். வேறு வழியில்லாமல் 3107 கதவைத் தட்டினாள். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. ஆன்ட்டியுடைய நீலச் செருப்பு கோடு போட்டு வைத்தமாதிரி நேராக இருந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. "என்ன?"

"கொஞ்சம் உறைமோர் வேணும் அங்கிள். ஆன்ட்டி இருக்காங்களா?"

"ஏன், நான் குடுத்தா தயிர் உறையாதா?" உள்பக்கம் திரும்பி, "லூர்து, நீ எந்திரிக்காத, நான் பாத்துக்குறேன்" என்றார். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் மோர் வந்தது. விளிம்பில் பெ.லூ. என்று பேர் வெட்டியிருந்தது. "கிண்ணத்தை மறக்காம குடுத்துடு. அவ எண்ணி வச்சிருப்பா."

தயிர் உறைந்தது. கிண்ணம்தான் திரும்பிப் போகவில்லை. வெறும் கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது, ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம். சர்க்கரை இருந்தது. இரண்டு பேர் ரேஷனை ஒருத்தி சாப்பிட்டால் மிஞ்சாதா? அதுதான் பயம். இவ்வளவு சர்க்கரை எப்படி மிஞ்சியது என்று ஆன்ட்டி கேட்டுவிட்டால்? இன்றைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று கிண்ணம் அலமாரியிலேயே இருந்தது.

மூன்றாவது வெள்ளி: 91, 9. கீழே சின்ன எழுத்தில், "நான்கு சதவீதத்துக்குக் குறைவான பங்கு கணக்கில் சேராது."

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, சுவருக்குக் கேட்காத குரலில் அப்பாவின் எண்ணுக்குப் பேசினாள்.

"அப்பா, நீ ஒன்பது பர்சன்ட் இருக்க. உன் ரூமைத் திறந்தா ஏறும், ஆனா அதுவும் தீந்துடும். தீந்துட்டா அப்புறம் என்ன பண்றது? எனக்குப் பயமா இருக்குப்பா. காப்பகத்துல செல்போனை வாங்கி வச்சுக்குவாங்களாம். நீ வந்து தேடினா எங்கன்னு தேடுவ? நான் யார்கிட்டயும் சொல்லல. நீ சொன்ன மாதிரியே சொல்லல. நீ வெறும் தும்மலாவது போட்டு அனுப்பேன்."

செய்தி போனது. பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை.

காலையில் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. செருப்பு! அப்பா ஐந்து வருஷமாகப் போட்டுத் தேய்த்த ரப்பர் செருப்பு. குதிகால் பதிந்த இடத்தில் குழியே விழுந்திருந்தது. அதில் எவ்வளவு தோல் இருக்கும்! வாசலில் கிடந்ததை உள்ளே எடுத்துவந்து, கூடத்து நடுவில் பட்பட்டென்று தட்டினாள். கத்தி முனையால் குழியைச் சுரண்டினாள். அடிப்பக்க வரிகளையும் விடவில்லை. மிஷின் வந்து ஆசையாக எல்லாவற்றையும் சாப்பிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பச்சை எழுத்து சிவப்பாக ஓடியது. ஆட்கள்: 11.

அவளுடைய பதினாறு வருஷத்தில் எந்தச் செருப்பும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அதன் அடியில் என்ன ஒட்டியிருக்கும் என்று யோசிக்க அவசியமே வந்ததில்லை. நடைபாதை, லிஃப்ட், குப்பை அறை, முப்பத்தோராவது மாடியில் நடந்தவர்கள் எல்லாரும் அந்த ரப்பரில் இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை அசோசியேஷன் செக்ரட்டரி பார்த்திபன் டேப்லெட்டும் கையுமாக வாசலில் நின்றார்.

"என்னம்மா, வீட்ல கல்யாணமா?"

"இல்ல அங்கிள்."

"பதினோரு பேர்னு காட்டுது. பதினோரு பேரு! என் கல்யாணத்துல மேடையிலயே அவ்ளோ பேரு இல்ல. விருந்தாளி வந்தா பதிவு பண்ணணும்னு தெரியாதா? அப்பாவைக் கூப்பிடு."

"அப்பா தூங்குறாரு. நைட் ஷிஃப்ட்."

"எழுப்பு. ரெண்டு நிமிஷம். கையெழுத்து மட்டும்."

எழுப்பப் போவதுபோல் திரும்பினாள். சாத்தியிருந்த கதவுவரை பத்து அடி. அதற்குள் என்ன சொல்வது? ஒன்பது அடி. எட்டு.

"யோவ் பார்த்திபா!"

பக்கத்துக் கதவு திறந்திருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெனடிக்ட் நின்றார். "அங்க என்னய்யா விசாரணை? நம்ம ஜெபக்கூட்டத்து ஆளுங்கதான்யா. எங்க வீட்டுக்காரிக்குத் தலைவலி, சத்தம் ஆகாதுன்னு புதன்கிழமை இவங்க கூடத்துல உக்கார வச்சோம். ஒன்பது பேரு. ஒரு மணி நேரம் உக்காந்து தலையைச் சொறிஞ்சா உதிராதா?"

"சார், போன தடவையும் உங்களாலதான்..."

"ஆமா, என்னாலதான். எழுதிக்கோ."

"குணசீலன் சாரை ஒரு தடவை பாத்துட்டா..."

"ராத்திரி பூரா வேலை பாத்துட்டு வந்த மனுஷன்யா. விடியக்காலையில என்கூடத்தான் லிஃப்ட்ல ஏறினாரு, நின்னுக்கிட்டே தூங்குறாரு. உன்னை இப்படி ஒருத்தன் எழுப்பினா சும்மா இருப்பியா?"

பார்த்திபன் பெருமூச்சு விட்டார். "ரூல் நான் போட்டதில்ல சார். எல்லாரும் என்னைத்தான் திட்டுறீங்க." எதையோ தட்டிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார்.

சாதனா வாசலுக்குத் திரும்பி வந்தாள். இந்த மனிதர் எதற்காகப் பொய் சொன்னார்? இல்லாத அப்பாவை எந்த லிஃப்டில் பார்த்தார்?

"கிண்ணம்" என்றார் பெனடிக்ட். "ரெண்டு வாரம் ஆச்சு." கதவை அடித்துச் சாத்திக்கொண்டார். உடனே உள்ளே ஆரம்பித்துவிட்டது. "என்னைப் பாக்காத. ஆமா, பொய்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்ப?"

கிண்ணம் நிறையச் சர்க்கரை கொட்டினாள். யார் என்ன கேட்டாலும் சரி, லூர்து ஆன்ட்டி காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. தட்டினாள். உள்ளே சண்டை ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கதவு தாழ் விழாமல் இருந்தது, மெல்லத் தள்ளினாள்.

பெனடிக்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சிவப்புச் சீப்பு. அதன் பல்லிலிருந்து நீளமான ஒரு முடியை, அறுந்துவிடாமல், இரண்டு விரலால் உருவிக்கொண்டிருந்தார். "எத்தனை தடவை சொல்றது உனக்கு, ஈரத்தலையோட படுக்காதன்னு? சொன்னா கேக்குறியா நீ?" என்று கத்திக்கொண்டே அந்த முடியைத் தரையில் வைத்தார். ஆழி மெதுவாக நகர்ந்து வந்து அதை எடுத்துக்கொண்டது. அறையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியில் ஒரு நைட்டி மடித்து வைத்திருந்தது. காயவைத்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று.

அவர் திரும்பினார். சண்டை பாதியில் நின்றது.

"கதவைத் தட்டத் தெரியாது?"

"தட்டினேன் அங்கிள். நீங்க... பேசிட்டு இருந்தீங்க."

மிஷின் சுவரில் முட்டித் திரும்பியது.

"உங்கப்பன் போய் எத்தனை நாளாச்சு?"

"அம்பத்தி நாலு." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. ஐம்பத்து நாலு நாளில் முதல் தடவை. "ஆன்ட்டி?"

"எட்டு மாசம். திண்டிவனத்துல அக்கா வீட்டுக்குப் போனா, ரெண்டு நாள்ல வந்துடறேன்னு. நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம். இங்க யாருக்கும் சொல்லல." சீப்பைப் பார்த்தார். "சொன்னா கீழ அடுக்குப் படுக்கை. ரயில் பெட்டி மாதிரி, மேல ஒருத்தன் கீழ ஒருத்தன். அங்க போய் நான் யார்கூட சண்டை போடறது?"

சாதனா நாற்காலியில் இருந்த நைட்டியைப் பார்த்தாள்.

"எப்படி அங்கிள் தெரியும் உங்களுக்கு? அப்பா இல்லன்னு?"

"எந்த அப்பன் ரெண்டு மாசம் இருமாம இருக்கான்? அந்தப் பக்கம் சத்தமே இல்ல." பிறகு, கொஞ்சம் வேறு குரலில், "செருப்பைத் தட்டினியா?" என்றார்.

"உங்களுக்கு..."

"ரெண்டு வாரம் முன்னாடி அவ செருப்பைத் தட்டினேன். பதினாலு பேரு வந்துட்டாங்க. அப்ப பார்த்திபனுக்குச் சொன்ன கதைதான் ஜெபக்கூட்டம். கைவசம் இருந்துச்சு, இன்னைக்கும் எடுத்து விட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் சீப்பை நீட்டினார். நாலைந்து முடிதான் மிச்சம், பல்லுக்குப் பல் ஒன்று. "வாரத்துக்கு நாலு. இந்த வாரத்தோட சரி."

சாதனா கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். தரைத்தளத்தில் ஃபர்ஹானா சொன்னது ஞாபகம் வந்தது.

"அங்கிள், யாருன்னு அதுக்குத் தெரியாது. எத்தனைன்னு மட்டும்தான் தெரியும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து சர்க்கரையை டப்பாவில் கொட்டினார். மிஷினின் வயிற்றைத் திறந்தார். கிண்ணத்தில் பஞ்சு மாதிரித் தூசியை அழுத்தி நிரப்பி, மேலே ஒரு பேப்பரை மூடி, அவள் கையில் கொடுத்தார்.

"வெறும் கிண்ணமா குடுக்கக் கூடாதுல்ல" என்றார். "காலையில திருப்பிக் கொண்டா. உன் வீட்டுது போட்டு."

மறுநாள் காலை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சாதனா நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். இருபது கதவு. கண்ணில் பட்ட வாசலில் எல்லாம் இரண்டு ஜோடிக்குக் குறையாமல் செருப்பு. சில ஜோடிகள் தாறுமாறாகக் கிடந்தன, ஒன்று குப்புற, ஒன்று எங்கோ. சில ஜோடிகள் மட்டும் கோடு போட்டு வைத்தமாதிரி நேராக இருந்தன. எண்ண ஆரம்பித்தாள். ஏழு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் திரும்ப வைத்திருந்த அப்பாவின் செருப்பைக் காலால் கொஞ்சம் கோணலாகத் தள்ளிவிட்டாள்.

அந்த வாரம் அவளுடைய கூடத்தில் வேறொருவருடைய தூசி கிடந்தது. தூவும்போது கை கூசியது. தூவிய பிறகு, யாரோ வந்து உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனமாதிரி இருந்தது. அப்பாவின் அறையைத் திறக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்தாள், மிஷின் தெரியாமல்கூட உள்ளே போய்விடக் கூடாது என்று. அங்கே இருக்கிற அப்பா அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா சொன்ன இரண்டு மாதம் அன்றோடு முடிந்தது. போன் சும்மாவே கிடந்தது. சாயந்திரம் பக்கத்து வீட்டில் வழக்கம்போல் ஆரம்பித்தது. "உப்பே இல்ல இதுல! நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" சாதனா மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சை எழுத்து ஓடியது.

ஆட்கள்: 3. பங்கு: 70, 24, 6.

அவள் மறுபடியும் படித்தாள். மூன்று? அப்பாவா? கதவிடுக்கைப் பார்த்தாள், துண்டு வைத்தது வைத்தபடி இருந்தது. கூடத்தில் மிச்சமிருந்த அப்பாவைத்தான் போன வாரத்துக்குள் மிஷின் முழுக்க எடுத்துவிட்டதே. அப்புறம் யார் இந்த ஆறு?

சிவப்புச் சீப்பு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் கிண்ணத்தில் அழுத்தி நிரப்பிய தூசி.

இன்டர்காம் அலறியது. பார்த்திபன்தான். "மூணு காட்டுதும்மா 3106-ல. யாராவது வந்தாங்களா? பதிவு பண்ணணும், சொல்லு."

"வந்தாங்க அங்கிள்."

"யாரு?"

சாதனா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டு லூர்து ஆன்ட்டி. சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தாங்க."

"அவங்கதானா? சரி, சரி. தலைவலி விட்டுடுச்சா அவங்களுக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை பாதி வார்த்தையில் நின்றுபோயிருந்தது.

"விட்டுடுச்சாம்" என்றாள் சாதனா.